விழுந்த கண்ணி

எங்கள் பங்கு இல்லத்துப் பின்கட்டில், அலமாரியின் மேல், ஒரு நீண்ட உலோகப் பெட்டி ஆறு ஆண்டுகளாகக் கிடந்தது. நான்கு ஆண்டுகளுக்கு முன் இப்பங்கின் பொறுப்பை நான் ஏற்ற நாளில், உடைமைப் பட்டியலில் ‘பின்னல் இயந்திரம் – 1’ என்று எழுதியிருந்த வரிக்கு நேரே கையொப்பமிட்டேன். பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. முன்பு இங்கே பணியாற்றிய அருட்சகோதரி ஒருவர் அதில் விடுதிப் பிள்ளைகளுக்குக் கம்பளிச் சட்டை பின்னித் தந்தாராம். அவர் மாற்றலாகிச் சென்றபின் அதைத் தொட்டவர் எவருமில்லை.

எங்கள் பங்கு குன்னூரை அடுத்த மலைச்சரிவில் உள்ளது. 1964ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே மிகுதி. தேயிலையை நம்பிய வாழ்க்கை. இலைக்கு விலை கிடைத்தால் அடுப்பில் உலை கொதிக்கும். இல்லையேல் இளைஞர்கள் கோவைக்கும் திருப்பூருக்கும் பேருந்து ஏறுவார்கள். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அன்னையர் குழுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, “சாமி, மேலே கிடக்கிற அந்த மெஷினை எடுத்தா, குளிருக்குப் பிள்ளைங்களுக்கு ஸ்வெட்டராவது போடலாமே” என்றார். “கற்றுக்கொடுக்க ஆள் பார்க்கிறேன்” என்றேன். ஓராண்டு கழிந்தது. அடுத்த கூட்டத்தில் அவர் மீண்டும் கேட்கவில்லை. என் முகத்தை மட்டும் பார்த்தார். அந்தப் பார்வை தாங்காமல், “நானே கற்று உங்களுக்குச் சொல்லித் தருகிறேன்” என்று அறிவித்துவிட்டேன்.

அந்த வாக்குறுதியில் கொஞ்சம் செருக்கும் இருந்தது. குருமடத்தில் மெய்யியலும் இறையியலும் பயின்றவன் நான். இலத்தீன் இலக்கணத்தை நெட்டுருச் செய்தவன். ஒரு கையேட்டைப் படித்து ஓர் இயந்திரத்தை இயக்குவதா கடினம் என்று எண்ணினேன்.

சென்ற ஆண்டு ஐப்பசி மழையில் மலைப்பாதை அடைபட்டு வெளி நிகழ்ச்சிகள் நின்ற ஒரு வாரத்தில் பெட்டியை இறக்கினேன். ஏறத்தாழ மூன்றரை அடி நீளத்தில் ஓர் உலோகப் படுக்கை. அதன்மேல் 200 ஊசிகள், ஒன்றுக்கொன்று நாலரை மில்லிமீட்டர் இடைவெளியில், தத்தம் பள்ளங்களில் படுத்திருந்தன. ஊசிகளின்மேல் இடமும் வலமுமாக ஓட ஒரு கேரேஜ். நூலைத் தூக்கிப் பிடிக்க மேலே ஒரு கம்பமும் வில்லும். துணியைக் கீழே இழுத்துப் பிடிக்கச் சீப்பு போன்ற ஒரு கருவி, எடைக்குண்டுகள். கண்ணிகளின் அளவைக் கூட்டவும் குறைக்கவும் கேரேஜின் நடுவே 0 முதல் 10 வரை எண்ணிட்ட ஒரு திருகு.

நெசவை நாம் அறிவோம். பாவு நீளவாட்டில் நிற்க, ஊடை குறுக்கே செல்லும். பின்னலில் பாவும் இல்லை, ஊடையும் இல்லை. ஒரே நூல்தான் கண்ணி கண்ணியாக வளைந்து, தன்னையே பற்றிக்கொண்டு துணியாகிறது. அதனால்தான் அது நீளும், சுருங்கும், உடலோடு ஒட்டி வெப்பம் காக்கும். அதனால்தான் ஓரிடத்தில் விட்டுப்போனால் அவிழ்ந்துகொண்டே போகும்.

ஊசியின் அமைப்பை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். நுனியில் ஒரு கொக்கி. அதற்குக் கீழே, ஒரு சிறு அச்சில் திறந்து மூடும் நாக்கு. கேரேஜ் வரும்போது ஊசி முன்னே நீள்கிறது. கொக்கிக்குள் இருந்த பழைய கண்ணி, நாக்கைத் திறந்துகொண்டு அதற்குப் பின்னால் போய்விடுகிறது. திறந்த கொக்கியில் புதிய நூல் விழுகிறது. ஊசி பின்னே இழுபடும்போது அதே பழைய கண்ணி நாக்கைத் தள்ளி மூடி, அதன்மேல் வழுக்கி, ஊசியை விட்டு இறங்குகிறது. இறங்கும்போது புதிய கண்ணியின் கழுத்தைச் சுற்றிக்கொள்கிறது. பழையது வாயிலைச் சாத்திவிட்டு விலகுகிறது. ஆயினும் விழுந்துவிடுவதில்லை, புதியது அதைத் தாங்குகிறது. ஒரு வரிசையில் இது எத்தனை ஊசியோ அத்தனை முறை, ஒரு நொடிக்குள் நடந்து முடிகிறது.

புரிந்துவிட்டது என்று எழுந்தேன். கைக்கு அது புரியச் சில வாரங்கள் ஆயின.

முதல் பிழை நூலில். கடைவீதியில் கைப்பின்னலுக்கு விற்கும் தடித்த கம்பளி நூலை வாங்கி வந்தேன். இவ்வகை இயந்திரத்தின் மெல்லிய கொக்கிகள் அதை ஏற்பதில்லை. பத்து ஊசிகள் தாண்டுமுன் கேரேஜ் நின்றுவிட்டது. மெல்லிய நூல் வாங்கி மறுபடி தொடங்கினேன். அறுபது ஊசிகளை முன்னே தள்ளி, ஒவ்வொன்றின்மேலும் நூலைச் சுற்றித் தொடக்க வரிசை போட வேண்டும். அளவுக்கு மீறி இறுக்கிச் சுற்றினேன், நாக்குகள் திறக்கவில்லை. தளர்த்திச் சுற்றினேன், கண்ணிகள் ஒன்றோடொன்று சிக்கின. எடைக்குண்டு தொங்கவிட மறந்த நாளில் கண்ணிகள் கீழிறங்காமல் ஊசிகளின்மேலேயே மிதந்தன. கடைசி ஊசியைக் கேரேஜ் முற்றிலும் கடக்குமுன் திருப்பிய நாளில் ‘கடக்’ என்றொரு ஒலி, அத்துடன் அசைவில்லை. சிக்கினால் கேரேஜை மேலே தூக்கி எடுக்கத் தனியே ஒரு நெம்புகோல் உண்டு; கையேட்டில் அது படத்தோடு இருந்தது. நானோ கோபத்தில் தள்ளினேன். ஒரே தள்ளில் அறுபது கண்ணிகளும் உதிர, துணி எடைக்குண்டோடு தரையில் விழுந்தது. இரண்டு ஊசிகளின் நாக்குகள் வளைந்தன.

ஒவ்வொரு முறையும் குற்றம் வேறெங்கோ இருந்ததாகவே எனக்குப் பட்டது. நூல் மட்டம், இயந்திரம் பழையது, கையேட்டின் ஆங்கிலம் தெளிவில்லை. முப்பது ஆண்டுகளாகப் பிறருடைய தவறுகளைக் கேட்டு அறிவுரை சொல்லும் பணியில் இருப்பவன், தன் தவறைத் தேட எவ்வளவு தூரம் சுற்றுகிறான் என்று இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது.

வளைந்த ஊசிகளை ஒருவாறு நிமிர்த்தி மீண்டும் பின்னத் தொடங்கிய நாள்களில், மாலையில் கோவிலைப் பெருக்க வரும் ஒரு பெண்மணி சன்னலருகே நின்று பார்ப்பதைக் கண்டேன். நாற்பதை நெருங்கும் வயது. கணவர் இறந்தபின் இரு பிள்ளைகளுடன் தாய்வீட்டுக்குத் திரும்பியவர் என்பது மட்டும் எனக்குத் தெரியும். இன்னொன்றும் தெரியும்: ஞாயிறு திருப்பலிக்கு எப்போதும் தாமதமாக வந்து கடைசித் தூணருகே நிற்பவர். ஒருமுறை மறையுரையில், ஆண்டவருக்கு ஒரு மணி நேரம் தரமுடியாதவர்களைப் பற்றிப் பேசுகையில், என் பார்வை அந்தத் தூணின்மேல் சற்று நேரம் தங்கியிருந்தது. கோவில் முழுவதும் திரும்பிப் பார்த்ததை நான் கண்டேன். கண்டும் தொடர்ந்து பேசினேன்.

அன்று மாலை என் துணியின் நடுவே மேலிருந்து கீழாக ஏணிபோல் ஒரு கோடு ஓடியிருந்தது. திருகின் எண்ணைக் கூட்டியும் குறைத்தும் அதுவே வந்தது. சலித்துப்போய்த் துணியை மேசைமேல் எறிந்தேன்.

“சாமி, நான் பார்க்கலாமா?” என்று கேட்டு உள்ளே வந்தார். துணியை எடுத்து விளக்குக்கு நேரே பிடித்தார். ஒரு நொடிதான். “திருகைத் தொடாதீங்க சாமி. கோளாறு ஊசியிலே இருக்கு. இடது பக்கமிருந்து எண்ணுங்க, இருபத்தி மூணோ நாலோ.”

எண்ணினேன். 23ஆம் ஊசி. நிமிர்த்திவிட்டதாக நான் எண்ணியிருந்த இரண்டில் ஒன்று. நாக்கு முழுவதும் மூடவில்லை.

“எப்படி அம்மா தெரிந்தது?”

“பதினோரு வருஷம் திருப்பூர்ல பனியன் கம்பெனியில செக்கிங் பார்த்தேன் சாமி. மேலயிருந்து கீழே கோடு வந்தா ஊசிக் கோளாறு. குறுக்கே பட்டை பட்டையா வந்தா நூலு, இல்லேன்னா இழுவை. துணியே சொல்லிடும்.”

நான்கு ஆண்டுகளாக என் பங்கில் இருப்பவர். திருப்பூரின் பின்னலாடைத் தொழில் பற்றிச் செய்தித்தாளில் படித்ததுண்டு. அங்குள்ள வட்டப் பின்னல் இயந்திரங்கள் சிலவற்றில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊசிகள் வட்டமாக நின்று, குழாய்போல் துணியை இறக்கிக்கொண்டே இருக்கும். அந்தத் துணி ஓடுவதை நாள்முழுதும் கண்ணிமைக்காமல் பார்த்து, ஒரு கண்ணி விட்டுப்போனாலும் கண்டுபிடிப்பதே அவருடைய தொழிலாக இருந்திருக்கிறது. “நீங்கள் என்ன வேலை செய்தீர்கள்?” என்று நான் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

இந்தக் கை இயந்திரம் அவருக்கும் புதிது. அதனால் அன்று முதல் இருவருமே மாணவர். நான் கையேட்டைப் படித்துச் சொல்வேன். அவர் துணியைப் படித்துச் சொல்வார். பழுதான ஊசியைக் கழற்ற, ஊசிகளை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் பட்டையை ஓரமாக உருவ வேண்டும். மாற்று ஊசி எங்களிடம் இல்லை. கையேடு ஒரு வழி சொன்னது: கோடியில் பயன்படாமல் இருக்கும் ஊசியை எடுத்து நடுவில் இடுக, பழுதானதைக் கோடிக்கு மாற்றுக. ஓரத்தில் சும்மா கிடந்ததாக நான் எண்ணிய ஊசி, நடுவில் வந்ததும் ஒரு கண்ணி தவறாமல் பின்னியது. அன்றிரவு கடைசித் தூண் என் நினைவுக்கு வந்தது.

அடுத்து நாங்கள் கற்றது, விழுந்த கண்ணியை எடுப்பது. ஒரு கண்ணி ஊசியிலிருந்து தவறினால், கைப்பழக்கம் இல்லாதவர் அதை உடனே காண்பதில்லை. பத்து, பதினைந்து வரிசை போனபின், எடைக்குண்டின் இழுப்பில் அது கீழே கீழே இறங்கி, ஏணிப்படிகள்போல் குறுக்கு நூல்களை மட்டும் விட்டுச் சென்றிருக்கும். எனக்குத் தெரிந்த ஒரே வழி முழுவதையும் பிரித்து மறுபடி தொடங்குவது. பெட்டியில் கைப்பிடியோடு ஒற்றை ஊசி ஒன்று இருந்தது. அதற்கும் கொக்கியும் நாக்கும் உண்டு. அதைத் துணியின் பின்புறத்திலிருந்து செலுத்தி, அடியில் தொங்கும் கண்ணியைப் பிடித்து, அதற்கு மேலுள்ள படியைக் கொக்கியில் வாங்கி, கண்ணிக்குள்ளே இழுக்க வேண்டும். அப்புறம் அடுத்த படி. ஒவ்வொன்றாக மேலே வந்து, இறுதியில் காலியாக நிற்கும் ஊசியில் மாட்டிவிட்டால், விழுந்த இடம் தெரியாது. ஒரு படியைத் தாண்டினால் வடு தெரியும். அவசரப்பட்டால் பக்கத்துக் கண்ணியையும் இழந்துவிடுவோம்.

இந்தக் கண்ணி எடுக்கும் வேலையின்போதுதான் பேச்சு வளர்ந்தது. ஒருநாள் நான் கேட்காமலேயே சொன்னார். சனிக்கிழமைகளில் சுற்றுலாப் பயணிகள் நிறைந்த விடுதி ஒன்றில் அறை துப்புரவு செய்கிறார். ஞாயிறு விடியற்காலையில் வெளியேறுபவர்களின் அறைகளை முடித்தபின்தான் விடுவார்கள். அங்கிருந்து மூன்று கிலோமீட்டர் ஏறி வருவதற்குள் திருப்பலியில் பாதி முடிந்துவிடும். “நடுவுல வர்றதுக்குக் கூச்சமாத்தான் இருக்கும் சாமி. வராம இருக்கவும் மனசு கேக்காது.” குறை சொல்லும் குரலில் அவர் சொல்லவில்லை. அது என்னைக் கூடுதலாகச் சுட்டது.

மன்னிப்புக் கேட்க எனக்கு மூன்று நாள்கள் பிடித்தன. ஒப்புரவைப் பற்றிப் பாடம் எடுத்தவன், ஓர் எளிய பெண்மணியிடம் ஒரு வாக்கியம் சொல்ல மூன்று நாள் தயங்கினேன் என்பதை இங்கே எழுதிவைக்கிறேன். சொன்னபோது அவர் தலை நிமிரவில்லை. சற்று நேரம் பேசாமல் இருந்தார். “அன்னைக்கு வீட்டுக்குப் போய் அழுதேன் சாமி” என்றார். பிறகு, “வரிசையைப் பாதியில நிறுத்தாதீங்க, சிக்கிக்கும்” என்று கேரேஜைக் காட்டினார். அவர் மன்னித்ததாகச் சொல்லவுமில்லை; நான் கேட்கவுமில்லை. ஞாயிறு மாலையில் இன்னொரு திருப்பலியை இப்போது நிறைவேற்றுகிறோம். அவருடன் அந்த நேரத்தில் இருபது, இருபத்தைந்து பேர் வருகிறார்கள். அவர்கள் அனைவரும் இதுநாள்வரை எங்கே இருந்தார்கள் என்பது நான் அறியாதது.

பின்னல் பழகிய நாள்களில் இவ்வியந்திரத்தின் வரலாற்றையும் தேடிப் படித்தேன். அதை முதலில் அமைத்தவர் ஒரு குரு என்று அறிந்தபோது வியந்தேன். இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம்ஷயரைச் சேர்ந்த வில்லியம் லீ, கால்வெர்ட்டன் என்ற சிற்றூரில் ஆங்கிலத் திருச்சபையின் குருவாகப் பணியாற்றியவர் என்பர். 1589ஆம் ஆண்டில் காலுறை பின்னும் சட்டகத்தை அவர் அமைத்தார். முதலாம் எலிசபெத் அரசி அதற்கு உரிமம் தர மறுத்தார்; கையால் பின்னிப் பிழைக்கும் ஏழைகளின் பிழைப்பு கெடும் என்று அவர் அஞ்சியதாக மரபுச் செய்தி. லீ பிரான்சு நாட்டுக்குச் சென்றார். அங்கே ஆதரவளித்த நான்காம் என்றி மன்னர் 1610இல் கொலையுண்டார். லீயும் சில ஆண்டுகளில், தம் உழைப்பின் பயனைக் காணாமலேயே இறந்தார். பின்னர் 1863இல், இரு ஊசிப் படுக்கைகளைக் கூரைபோல் சாய்த்து வைத்த தட்டைப் பின்னல் இயந்திரத்தைக் கண்டவர் அமெரிக்கரான ஐசக் லாம்ப். அவரும் சமயப் போதகர்தாம்.

அரசியின் அச்சத்தை எளிதில் தள்ளிவிட முடியவில்லை. இருநூறு ஆண்டுகளுக்குப் பின், 1811இல், அதே நாட்டிங்ஹாம் பகுதியில் பின்னல் தொழிலாளர் இரவில் திரண்டு சட்டகங்களை உடைத்தார்கள். அவர்கள் இயந்திரத்தை அறியாதவர்கள் அல்லர், அதிலேயே வாழ்ந்தவர்கள். கூலி குறைந்தது, வேலை செய்யும் சட்டகத்துக்கு அவர்களே வாடகை கட்ட வேண்டியிருந்தது, மட்டமான சரக்கு அவர்களுடைய நல்ல சரக்கின் விலையைக் கெடுத்தது. சட்டகத்தை உடைத்தால் மரணதண்டனை என்று 1812இல் சட்டம் வந்தது. கவிஞர் பைரன் பிரபுக்கள் சபையில் அதை எதிர்த்துப் பேசினார். சட்டம் நிறைவேறவே செய்தது. ஓர் இயந்திரம் ஏழைக்கு நன்மையா தீமையா என்பதை அதன் ஊசிகள் முடிவு செய்வதில்லை. அது யார் கையில் இருக்கிறது, அதன் பயன் யாருக்குப் போகிறது என்பதே முடிவு செய்கிறது.

எங்கள் ஒற்றை இயந்திரத்துக்கும் இந்தக் கேள்வி உண்டு. உதகைச் சந்தையில் லூதியானாவிலிருந்து வரும் கம்பளிச் சட்டைகள் குவிந்து கிடக்கின்றன. நாங்கள் நூல் வாங்கும் விலையோடு கூலியைச் சேர்த்தால் அவற்றோடு போட்டியிட முடியாது. அன்னையர் குழுவில் கணக்குப் போட்டுப் பார்த்து எல்லாரும் மௌனமானார்கள். அப்போதும் வழி காட்டியவர் அவரே. “புதுசு பின்ன வேண்டாம். பழசை வாங்கலாம்” என்றார். முழங்கை கிழிந்தவை, கழுத்துப் பட்டை தளர்ந்தவை, கண்ணி ஓடியவை வீட்டுக்கு வீடு உண்டு. விழுந்த கண்ணிகளை எடுத்துக் கொடுக்கலாம்; பட்டையைப் புதிதாகப் பின்னி இணைக்கலாம்; முற்றிலும் நைந்ததைப் பிரித்து, நூலைக் கழுவிக் காயவைத்துச் சுற்றி, சிறு பிள்ளைகளுக்குத் தொப்பி போடலாம். இப்போது நான்கு பெண்கள் வாரத்தில் இரண்டு மாலை அமர்கிறார்கள். பெரிய வருமானம் என்று சொல்லமாட்டேன். மின்கட்டணத்துக்கும் பிள்ளைகளின் குறிப்பேடுகளுக்கும் ஆகிறது என்கிறார்கள்.

நான் இன்னும் தொடக்க நிலை மாணவனே. என் கையால் முழுமையாக முடிந்தது ஒரே ஒரு கழுத்துத் துணி. அதற்குமுன் சிறு மாதிரித் துண்டு பின்னி, ஒருநாள் ஓயவிட்டு, பத்து சென்டிமீட்டருக்கு எத்தனை கண்ணி, எத்தனை வரிசை என்று எண்ணும் பொறுமையும் வந்திருக்கிறது. எனக்கு 28 கண்ணியும் 40 வரிசையும் வந்தன. முன்பெல்லாம் அளவு பாராமலே வெட்டிவிடும் இயல்பு எனக்கு, துணியிலும் மனிதரிலும்.

இவ்வியந்திரத்தில் ஒரு விந்தை உண்டு. பின்னுபவரின் முகத்தை நோக்கி நிற்பது துணியின் பின்புறமே. நல்ல முகம் மறுபக்கம் திரும்பியிருக்கும். கண்ணிகளைக் கழற்றித் துணியைத் திருப்பிப் பார்க்கும்வரை, நாம் செய்தது எப்படி இருக்கிறதென்று தெரியாது. அதனால் பின்னும்போதே இடையிடையே குனிந்து, கைவிளக்கைப் பிடித்து மறுபக்கம் பார்க்கும் பழக்கத்தை அவர் எனக்கு ஏற்படுத்தியிருக்கிறார். “பத்து வரிசைக்கு ஒரு தடவை பாருங்க சாமி. அப்பவே பார்த்தா ஒரு கண்ணிதான் போயிருக்கும்.”

சென்ற ஞாயிறு காலைத் திருப்பலியில், மறையுரையைத் தொடங்குமுன், வழக்கத்துக்கு மாறாகச் சற்று நேரம் நின்று கோவிலின் கடைசி வரைக்கும் பார்த்தேன். தூணருகே ஒரு முதியவர் நின்றிருந்தார். அவரை எனக்குப் பெயர் சொல்லித் தெரியாது. திருப்பலி முடிந்ததும் வாசலுக்குப் போய் அவரைப் பிடித்துக்கொண்டேன்.